விளையாட்டு வினையான கதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

‘விளையாட்டு வினையாகும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் நாம் அனைவரும் வளர்ந்தோம். கிணற்று மேட்டில் ஓடிப் பிடித்து ஆடும் பிள்ளைகளுக்காகச் சொன்ன சொல் அது. பாயில் படுத்தபடி கைவிரலால் ஆடும் ஆட்டத்திலும் வினை விளையும் என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறியமாட்டார்கள். சென்ற மார்கழி வரை நானும் அறியேன்.

அந்த மார்கழிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். விடுதி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் நடத்தி வந்தோம். இதை அறியாத பேராசிரியப் பெருமக்களுக்காக ஒரு வார்த்தை: கட்டை கட்டையாக அடுக்கி வீடும் கோட்டையும் கட்டி விளையாடும் கணிப்பொறி விளையாட்டு இது. பலர் ஒரே உலகத்தில் கூடி ஆட வேண்டுமானால், அந்த உலகத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு கணிப்பொறி எங்காவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் சர்வர். எங்கள் சர்வர், என் அண்ணன் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. அண்ணன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். மடிக்கணினி என் கைக்கு வந்தது. ஃபைபர் இணைப்புள்ள நண்பன் ஒருவன் வீட்டு மாடியில் அதை வைத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை இரவு முப்பது பேர் ஆடிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் நின்ற இடத்திலேயே உறைந்து போனார்கள். சற்று நேரத்தில் ஒவ்வொருவராக வெளியே தள்ளப்பட்டார்கள். மடிக்கணினியில் கோளாறு ஒன்றுமில்லை; ஆனால் நண்பன் வீட்டில் இன்டர்நெட்டே செத்துக் கிடந்தது. பக்கத்து மாவட்டத்துப் பையன்கள் நடத்தும் வேறொரு சர்வரிலிருந்து, “என்ன ப்ரோ, படுத்துடுச்சா?” என்று சிரித்துக்கொண்டே ஒரு செய்தி வந்தது. எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் அன்றிரவே அங்கே போய்விட்டார்கள்.

“மாப்ளே, நாமளும் அடிச்சாத்தான்டா அடங்குவானுங்க” என்று என் அறைத்தோழன் ஓர் இணையதளத்தைக் காட்டினான். எதிரியின் ஐ.பி. முகவரியைக் கொடுத்து, முந்நூறு ரூபாய் கட்டிவிட்டால், ஒரு மாதத்துக்கு எப்போது வேண்டுமானாலும் அவர்களைப் படுக்க வைக்கலாமாம். கீழே ஒரு சிறு கட்டம். ‘இந்தச் சர்வர் என்னுடையதே, சோதனைக்காகவே இதைப் பயன்படுத்துகிறேன்’ என்று அதில் ஒப்புதல் கேட்டார்கள். அந்தக் கட்டத்தில் நானே குறியிட்டேன். பணம் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் என் நல்லொழுக்கம் அன்று. கணக்கில் நூற்றுப் பதினோரு ரூபாய்தான் இருந்தது.

திங்கட்கிழமை எங்கள் துறை விரிவுரையாளரிடம், “சார், இது சட்டப்படி குற்றமா?” என்று பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். சார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “படிச்சுட்டு வந்து நீயே சொல்லுப்பா” என்றார். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பையன்கள் ‘டிடாஸ் அடிப்பது’ என்று சொல்வதன் முறையான பெயர் சேவை மறுப்புத் தாக்குதல். அதைப் புரிந்துகொள்ள நம்மூர் நியாய விலைக் கடையே போதும். மாதத் தொடக்கம், கடையில் ஒரே ஒரு விற்பனையாளர், வாசலில் நாற்பது அட்டைதாரர்கள். அப்போது வேற்றூரிலிருந்து இருநூறு பேர் லாரியில் வந்திறங்கி வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் முறை வந்ததும், “அண்ணே, துவரம்பருப்பு வந்திடுச்சா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்கிறார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஒரு பிடி அரிசி திருட்டுப் போகவில்லை. ஆனால் மாலை வரை ஓர் அட்டைதாரருக்கும் அரிசி கிடைக்காது!

அந்த இருநூறு பேருக்கு எங்கே போவது? அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிறருடைய கணிப்பொறிகளிலும் கேமராக்களிலும் ரௌட்டர்களிலும் கள்ளத்தனமாகப் புகுந்து, உடையவருக்குத் தெரியாமலே அவற்றை அடியாட்களாக்குவது. மற்றொன்று இன்னும் தந்திரமானது. நூறு கம்பெனிகளுக்கு அஞ்சலட்டை போட்டு, ‘உங்கள் விலைப்பட்டியலை அனுப்புங்கள்’ என்று கேட்டு, அனுப்புநர் முகவரியில் எதிரியின் முகவரியை எழுதிவிட்டால் என்ன ஆகும்? அஞ்சலட்டை சிறியது, வந்து குவியும் விலைப்பட்டியல்களோ மூட்டை மூட்டையாக இருக்கும். இன்டர்நெட்டில் பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் சர்வர்களையும், நேரம் கேட்டால் மணி சொல்லும் சர்வர்களையும் இப்படித்தான் ஏமாற்றுகிறார்கள்.

விளையாட்டுச் சர்வர்கள் இதற்கு எளிதில் இரையாவதற்குக் காரணம் உண்டு. செய்தி படிக்கும் தளம் இரண்டு விநாடி தாமதித்தால் ஒருவரும் கவலைப்படமாட்டார். சண்டை விளையாட்டில் அரை விநாடி தாமதித்தாலே ஆள் காலி. ஆகவே கடையை முழுவதும் மூட வேண்டியதில்லை. வரிசையைச் சற்றே நீட்டினால் போதும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கதவைத் தட்டுவது குற்றமா? யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்து வைத்த வாசலுக்குத்தானே வந்தோம்? இந்தக் கேள்வி இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றில் நேராகவே எழுந்தது. 2004ஆம் ஆண்டு, வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பதின்வயதுப் பையன் தன் பழைய கம்பெனிக்கு ஏறத்தாழ 50 லட்சம் மின்னஞ்சல்களை அனுப்பிக் குவித்தான். அங்கே அப்போது இருந்தது 1990ஆம் ஆண்டின் கணிப்பொறி முறைகேட்டுச் சட்டம். அது அனுமதியின்றிப் புகுவதையும் மாற்றுவதையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மின்னஞ்சல் சர்வர் என்பதே அஞ்சலைப் பெறுவதற்காக இருப்பது. ஆகவே ஒவ்வோர் அஞ்சலுக்கும் அனுமதி உண்டு என்று கூறி, 2005இல் கீழ்நீதிமன்றம் அவனை விடுவித்துவிட்டது.

2006ஆம் ஆண்டு மே மாதம் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. நீதிபதி சொன்ன காரணம் சட்டம் படியாத என் போன்றவனுக்கும் விளங்கியது. வீட்டுக்காரர் தபால் பெட்டி வைத்திருப்பதால், தபால் போட வருபவர்கள் வாசல்வரை வரலாம் என்று அவர் ஒப்புக்கொண்டதாகிறது. அந்தப் பெட்டியில் குப்பையைத் திணித்து அடைப்பதற்கு ஒப்புக்கொண்டதாகாது. அதே 2006இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டத்தையும் திருத்தியது. கணிப்பொறியின் இயக்கத்தைக் கெடுக்கும் நோக்கோடு அனுமதியின்றிச் செய்யும் எச்செயலும் குற்றம். 10 ஆண்டு வரை சிறை. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் அத்திருத்தம் அங்கே நடைமுறைக்கு வந்தது. எதைத் திருடினாய் என்பதை விட்டு, எதைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தாய் என்று சட்டம் கேட்கத் தொடங்கியது. நான் முதன்முதலாக வியர்த்தது இந்த இடத்தில்தான்.

அந்தச் சட்டம் ஒரு பையன் மேல் விழுந்த கதையைச் சொல்கிறேன். இலண்டனுக்கு அருகேயுள்ள ஹெர்ட்ஃபர்ட்ஷயரைச் சேர்ந்தவன் ஆடம் மட். 2013இல், பதினாறாம் வயதில், வீட்டில் தன் படுக்கையறையில் உட்கார்ந்து ‘டைட்டானியம் ஸ்ட்ரெஸ்ஸர்’ என்ற தாக்குதல் புரோகிராமை எழுதினான். தானும் தாக்கினான், பிறருக்கும் வாடகைக்கு விட்டான். அதில் பதிந்திருந்தவர்கள் 1,12,000க்கும் மேல். அவர்கள் நடத்திய தாக்குதல்கள் 17 லட்சத்துக்கும் மேல். மைன்கிராஃப்ட், எக்ஸ்பாக்ஸ் லைவ் முதலிய பெரிய விளையாட்டுகளும் விளையாட்டுச் சேவைகளும் அடிபட்டன. ரூன்ஸ்கேப் என்னும் விளையாட்டு மட்டும் 25,000 தடவைக்கு மேல் தாக்கப்பட்டது. அதை நடத்தும் நிறுவனம் தற்காப்புக்காக 60 லட்சம் பவுன் செலவழித்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அவன் கணிப்பொறி படித்துக்கொண்டிருந்த சொந்தக் கல்லூரியையும் அவன் விட்டுவைக்கவில்லை.

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் போலீசார் வீட்டுக்கு வந்தபோது, அவன் அதே அறையில் கணிப்பொறி முன்னால் இருந்தான். அதைத் திறந்துகாட்ட மறுத்தான். அவன் தந்தை வந்து சொன்ன பிறகுதான் திறந்தான். 2017ஆம் ஆண்டு ஏப்ரலில், குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த அவனுக்கு இரண்டாண்டுத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது 21 மாதமாகக் குறைந்தது. அவன் சம்பாதித்தது 3,86,000 பவுனுக்கு மேல். ஆனால் அவன் அதைத் தாம்தூமென்று செலவழித்து வாழ்ந்தவனல்லன். பணத்தைவிட, விளையாடுவோர் நடுவே கிடைக்கும் பெரிய பெயருக்காகவே செய்தான் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞரே சொன்னார். தண்டனை பெற்ற நாளில் அவனுக்கு வயது இருபது. என் வயது!

எங்கள் கதையை அப்படியே பெரிதாக்கினால் எப்படியிருக்கும் என்பதை அமெரிக்காவில் காணலாம். பராஸ் ஜா, ஜோசையா ஒயிட், டால்டன் நார்மன் என்ற மூன்று இளைஞர்கள் 2016இல் ‘மிராய்’ என்ற நிரலை உருவாக்கினார்கள். மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துவது அங்கே நல்ல வருமானமுள்ள தொழில். ஒரு சர்வரை விழத்தட்டினால் ஆட்டக்காரர்கள் வேறொன்றுக்கு ஓடுவார்கள். தற்காப்புச் சேவை விற்பவனுக்கும் அதனால் லாபம். பராஸ் ஜாவே அப்படிப்பட்ட சேவை நிறுவனம் ஒன்றை நடத்தியவர்தாம். பயிரை மேய்ந்த வேலி! தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வைத்த கடவுச்சொல்லை உடையவர்கள் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும் தேடித் தேடி, 60க்கு மேற்பட்ட சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, இலட்சக்கணக்கில் மிராய் பிடித்துக்கொண்டது. பிறகு அவர்கள் அந்த நிரலை வெளியே விட்டார்கள். 2016ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் அமெரிக்காவில் பலருக்கு எட்டாமற்போனது, வேறு கைகளுக்குப் போய்ச் சேர்ந்த மிராயினால்தான்.

மூவரும் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, புலனாய்வுத் துறையினருக்கு உதவியும் செய்தார்கள். அதனால் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிறையின்றி, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணி நேரச் சமூகப்பணி, 1,27,000 டாலர் இழப்பீடு என்று முடிந்தது. ஆனால் பராஸ் ஜாவின் கணக்கு அதோடு தீரவில்லை. தாம் படித்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சர்வரை 2014 முதல் 2016 வரை அவர் திரும்பத் திரும்பத் தாக்கியிருந்தார். மாணவர்கள் பாடப்பணிகளை ஒப்படைக்கும் வாசலே அடைபட்டுப் போனது. அதற்காக அடுத்த மாதமே ஆறு மாத வீட்டுக்காவலும் 86 இலட்சம் டாலர் இழப்பீடும் விதிக்கப்பட்டன.

‘இவர்களெல்லாம் நிரல் எழுதிய பெரும்புள்ளிகள், முந்நூறு ரூபாய் கட்டுபவனை யார் தேடப் போகிறார்கள்?’ என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்கு விடை அந்தக் கடைகளின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. வாடகைக்குத் தாக்கும் தளங்கள் பலவும், யார் பணம் கட்டினார், எந்த முகவரியை எத்தனை மணிக்குத் தாக்கச் சொன்னார் என்பதையெல்லாம் பதிந்து வைக்கின்றன. தளம் பிடிபடும் நாளில் அந்தப் புத்தகம் போலீசார் கைக்குப் போகிறது. 2015இல் லிசார்ட் ஸ்ட்ரெஸ்ஸர் என்ற தளத்தைப் பயன்படுத்தியதாக ஆறு பதின்வயதினர் இங்கிலாந்தில் கைதாயினர். பெயர் மட்டும் பதிந்துவிட்டுத் தாக்காமல் இருந்த ஐம்பது பேர் வரை வீட்டுக் கதவையும் அதிகாரிகள் தட்டினார்கள். 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் வெப்ஸ்ட்ரெஸ்ஸர் என்ற தளம் மூடப்பட்டபோது, அதில் பதிந்திருந்தோர் 1,36,000 பேர். வாங்கியவர்களைத் தேடும் வேலை அடுத்த ஆண்டும் பல நாடுகளில் தொடர்ந்தது. இதையெல்லாம் விட வேடிக்கை ஒன்றுண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் தேசியக் குற்றத்தடுப்பு முகமை ஒரு செய்தியை வெளியிட்டது: இத்தகைய தளங்கள் சிலவற்றைத் தாங்களே போலியாக நடத்திவந்ததாகவும், பல்லாயிரம் பேர் அவற்றுக்கு வந்ததாகவும்! வந்து பெயர் கொடுத்தவர்களின் விவரம் நேரே அவர்களிடமே போயிருந்தது. கள்ளக்கடை என்று நினைத்துக் காவல் நிலையத்துக்குள்ளேயே நுழைந்த கதைதான்.

‘சோதனைக்காக’ என்ற அந்தச் சிறு கட்டமும் காப்பாற்றாது. நம் சொந்தச் சர்வரையோ, உடையவரின் அனுமதி பெற்றோ சோதித்தால் அது வேறு. பிறர் சர்வரைத் தன்னுடையது என்று குறியிட்டால், குற்றத்தோடு பொய்யும் சேர்கிறது, அவ்வளவே.

சரி, நம் நாட்டில்? இங்கே தட்டுவது குற்றமா என்ற ஐயத்துக்கே இடமில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆவது பிரிவிலேயே, உடையவரின் அனுமதியின்றி ஒரு கணிப்பொறியின் இயக்கத்தைக் குலைப்பதையும், பயன்படுத்த உரிமையுள்ளவரைப் பயன்படுத்தவிடாமல் செய்வதையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூறுகிறது. அதற்கு இழப்பீடு கட்ட வேண்டும். அச்செயலை நேர்மையற்ற கருத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66ஆவது பிரிவு வருகிறது: மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேர்மையற்ற கருத்து என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் உண்டு. தனக்கு முறையற்ற ஆதாயமோ பிறருக்கு முறையற்ற இழப்போ உண்டாக்கும் எண்ணம். எதிரியின் ஆட்டக்காரர்களை இழுக்க நினைத்த எங்கள் எண்ணத்தை இதில் எந்தப் பக்கத்தில் வைப்பது? உடந்தையாக இருப்பதையும் முயன்று தோற்பதையும் சேர்த்தே அச்சட்டம் தண்டிக்கிறது. எனவே பணம் ஒருவன், விரல் ஒருவன் என்று பிரித்துக்கொள்வதாலும் பயனில்லை.

பிணையில் வெளிவரக்கூடிய குற்றம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் வழக்குப் பதிவாகி, மடிக்கணினியும் கைபேசியும் சான்றுப் பொருள்களாகப் போய்விட்டால், அவை திரும்பி வரும் வரை செமஸ்டர் காத்திருக்காது. மைய அரசு வேலைக்கான சான்றுறுதிப் படிவம், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா என்று கேட்கிறது. 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறது. மறைத்தால், மறைத்ததற்காகவே வேலையிலிருந்து நீக்கலாம். உண்மையைச் சொன்னாலும், முந்தைய நடத்தையை எடைபோட்டுப் பார்க்க வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. இளவயதில் செய்த சிறு தவறு என்றால் மன்னிக்கவும் இடமிருக்கிறது. அந்த இடத்தை நம்பிப் பிழைக்க என்னால் ஆகாது. கைநாட்டு வைத்த குடும்பத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க என் அப்பா தாலுகா ஆபீசுக்கு மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். அவர் வந்து சொல்லி நான் கணிப்பொறியைத் திறந்துகாட்டும் காட்சியை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன்.

சாரிடம் போய், “குற்றம்தான் சார்” என்று சொன்னேன். “யார் மேல?” என்று கேட்டார். எங்கள் பேரில் என்று ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. அடிபட்டவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார்: தாக்குதல் நடந்த நேரத்தையும் சர்வர் பதிவுகளையும் அழிக்காமல் பத்திரப்படுத்துவது, ஐ.பி. முகவரியை மாற்றித்தர இணைப்புக் கொடுத்தவரைக் கேட்பது. புகார் செய்வதானால் காவல் நிலையத்திலோ, மைய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலோ செய்வது.

தையில் இன்னொரு தடவை அடி விழுந்தது. முகவரியை மாற்றிக்கொண்டோம்; பதிவுகளைப் பிரதி எடுத்து வைத்தோம். இப்போது எங்கள் சர்வரில் பதினான்கு பேர் ஆடுகிறார்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அறையில் இரண்டு இரவுகள் விவாதம் நடந்தது. எதிர்த்தரப்பில் நால்வர் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் என்று இடையில் தெரியவந்தது. இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை அவர்களுக்குத்தான் அனுப்பினேன். பதிவுகள் இன்னும் என் பென் டிரைவில் இருக்கின்றன.